லீலா போட்ட மலை

மைசூர் ஹெப்பாள் தொழிற்பேட்டையில் நஞ்சுண்டசாமி நடத்திய வரைபடக் கூடத்தில் லீலாவுக்கு ஒட்டுக்காரி என்று பெயர். பழைய படத்தில் கோடு எங்கே அறுந்திருந்தாலும், மங்கியிருந்தாலும், கரையான் தின்றிருந்தாலும் அது அவள் மேஜைக்குத்தான் வரும். பேனாவை எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரே இழுப்பில் இந்தக் கரையையும் அந்தக் கரையையும் சேர்த்துவிடுவாள். பிறகு பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் எது பழசு, எது லீலா போட்டது என்று சொல்ல முடியாது. இதில் அவளுக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு. இருக்காதா பின்னே?

நஞ்சுண்டசாமிக்கு அறுந்த கோடு என்றால் ஆகாது. அணைக்கும் கால்வாய்க்கும் புது லேஅவுட்டுக்கும் மேடுபள்ளப் படம் போட்டுப் போட்டே வளர்ந்த கூடம் அது. மேடுபள்ளப் படத்தில் ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களை ஒரு கோடு சேர்த்துக்கொண்டே போகும். மலையை ஒரு சுற்றுச் சுற்றிவந்து புறப்பட்ட இடத்திலேயே முடியும். நடுவில் அறுந்தால் படம் தப்பு. அவருடைய சட்டைப் பையில் ஒரு சிவப்புப் பென்சில் எப்போதும் தலையை நீட்டிக்கொண்டிருக்கும். அறுந்த இடத்தைச் சுற்றி அதால் ஒரு வட்டம் போட்டு, ஒன்றும் சொல்லாமல் தாளை மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விடுவார். திட்டினால்கூடத் தேவலை என்று இருக்கும்.

முரளிதரன் என்று ஒருவன், லீலாவோடு ஐ.டி.ஐ.யில் படித்தவன், அடுத்த மேஜைக்காரன். அவன் தாள்கள் எப்போதும் அம்மை வார்த்த மாதிரிதான் திரும்பி வரும். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கோடு போட அவனுக்குக் கை வராது. சோம்பேறி என்று கூடமே முடிவு கட்டியிருந்தது. லீலாவும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

இந்தக் கூடத்துக்குத்தான் தொண்ணூற்றேழாம் வருஷம் தென்துருவம் வந்து சேர்ந்தது. அட்டைப் பெட்டிகளில், கயிறு கட்டி, ஆட்டோவில் வந்தது.

கொண்டுவந்தவள் வைஷாலி. இதே ஊரில் சரஸ்வதிபுரத்துப் பெண். படிப்பு அவளை எங்கெங்கோ இழுத்துக்கொண்டு போய், கடைசியில் பனிக்கண்டத்தை ஆராய்கிற கூட்டத்தில் சேர்த்துவிட்டிருந்தது. அங்கே போய்க் குளிரில் கிடந்துவிட்டும் வந்திருக்கிறாள். இந்த வேலையை எந்த ஊரில் கொடுப்பது என்ற பேச்சு வந்தபோது, எங்கள் மைசூரில் பொறுமையாகக் கோடு போடுகிற ஆட்கள் இருக்கிறார்கள் என்று மேலிடத்தில் சொல்லி வாங்கிக்கொண்டு வந்தவளும் அவள்தான்.

பெட்டிகளுக்குள் நீளநீளமான படச்சுருள்கள். பல வருஷங்களுக்கு முன்னால் ஏதோ ஒரு நாட்டு விமானம் பனிக்கு மேலே பறந்துகொண்டே வானொலி அலையைக் கீழே அனுப்பியிருக்கிறது. அலை பனியைத் துளைத்துக்கொண்டு போய், அடியில் இருக்கும் பாறையில் பட்டுத் திரும்பும். திரும்பி வர எடுத்த நேரத்தை வைத்துப் பனியின் ஆழத்தைச் சொல்லிவிடலாம். சுருளில் மேலே ஒரு கோடு. அது பனியின் முகம். கீழே இன்னொரு கோடு, மங்கலாக, நடுங்கிக்கொண்டு, அது தரை. எந்த மனுஷக் கண்ணும் பார்த்திராத தரை. அந்தக் கீழ்க்கோட்டைத்தான் மெல்லிய பிளாஸ்டிக் தாளில் மையால் பிரதி எடுத்துக் கொடுக்க வேண்டும். அப்புறம் அதைக் கணினியில் ஏற்றி வரைபடமாக்குவது வைஷாலியின் ஆட்கள் பாடு.

முதல் நாளே அவள் தெளிவாகச் சொன்னாள். சில இடங்களில் பனி ரொம்ப ஆழமாக இருக்கும், அலை திரும்பி வராது, கீழ்க்கோடு காணாமல் போய்விடும். அங்கே ஒன்றும் செய்ய வேண்டாம், இடைவெளியாகவே விட்டுவிடுங்கள் என்றாள். எல்லாரும் நன்றாகத் தலையாட்டினார்கள்.

அவள் ஆட்டோ ஏறிப் போனதும் நஞ்சுண்டசாமி கன்னடத்தில் ஒரு விளக்கம் கொடுத்தார். அந்தம்மா நல்ல மனசுக்காரி, நம்மைக் கஷ்டப்படுத்தக் கூடாது என்று ஒரு மரியாதைக்குச் சொல்கிறாள். வீட்டுக்கு வந்த விருந்தாளி போதும் போதும் என்று இலைமேல் கையை நீட்டினால் அப்படியே விட்டுவிடுவோமா? இந்தக் கூடத்திலிருந்து அறுந்த கோடு இதுவரை வாசலைத் தாண்டியதில்லை, இனியும் தாண்டாது. அவ்வளவுதான். விஞ்ஞானி சொன்ன ஒரே ஒரு நிபந்தனை இப்படியாக உபசார வார்த்தைகளோடு சேர்ந்துவிட்டது.

லீலாவுக்கு அதற்குமேல் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அடியில் விளக்கு வைத்த கண்ணாடி விளக்குமேஜையில் சுருளை விரித்து, மேலே பிளாஸ்டிக் தாளைப் பரப்பி, காலையிலிருந்து மாலைவரை தரையைத் தேடிக்கொண்டே போனாள். அந்த வேலை அவளுக்குப் பிடித்துப்போனது என்பதை மறைக்க வேண்டாம். தரை இருந்த இடத்தில் அதை அப்படியே எடுத்தாள். இல்லாத இடத்தில் ஒட்டினாள். கோடு ஏறிக்கொண்டே போய் மறைந்து, கொஞ்சம் தள்ளி அந்தப் பக்கம் மேலேயிருந்து இறங்கிக்கொண்டு வந்தால் நடுவில் என்ன இருக்கும்? மலைதான் இருக்கும். இதற்கு யாரைப் போய்க் கேட்பது?

முரளிதரன் மட்டும் இடைவெளி விட்டான். வட்டம் விழுந்தது. அந்தம்மா சொன்னதைத்தானே செய்தேன் என்று அவன் முனக, நஞ்சுண்டசாமி அவன் தாள்களை எடுத்து லீலாவின் மேஜைக்குத் தள்ளிவிட்டார். அவனுடைய ஒரு சுருளில் விமானம் போன பாதை லீலாவின் சுருளில் இருந்த பாதையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போயிற்று. வெட்டுகிற இடத்தில் இரண்டின் ஆழமும் ஒத்துப்போக வேண்டுமே என்று, அவள் தன் மலையின் உயரத்தைப் பார்த்து அளந்து, அவன் விட்ட இடைவெளியிலும் அதே உயரத்துக்கு ஒரு முகடு போட்டாள். வேலையில் அவ்வளவு அக்கறை அவளுக்கு.

அந்த வருஷம் தசராவுக்கு ஊருக்கு வந்த வைஷாலி, ஆயுத பூஜைக்கு முந்தின நாள் கூடத்துக்கு வந்தாள். கூடம் அன்றைக்குத் தலைகீழாகக் கிடந்தது. மேஜைகளைக் கழுவி, ஸ்கேல்களைத் துடைத்து, பேனாக்களை வெந்நீரில் ஊறப்போட்டிருந்தார்கள். லீலாவுக்கு ஜன்னல் கண்ணாடி துடைக்கிற முறை. ஈரத் துணியோடு நின்றவளை வைஷாலி தேடிக்கொண்டு வந்து, கையைப் பிடித்து மேஜைக்கு அழைத்துப்போய், ஒரு பெரிய தாளை விரித்தாள்.

வண்ணம் போட்ட வரைபடம். பனியை அப்படியே தூக்கி எடுத்துவிட்டால் அடியில் தரை எப்படி இருக்குமோ அப்படி. நீலத்தில் பள்ளங்கள், பச்சையில் சமவெளி, நடுவில் ஓர் இடத்தில் மட்டும் பழுப்பாக ஒரு மேடு. பக்கத்தில் அதே மேட்டை வெட்டிப் பக்கவாட்டில் பார்த்த கோடும் சின்னதாகப் போட்டிருந்தது. வைஷாலி விரலை அந்தப் பழுப்பில் வைத்தாள்.

“இதை எங்க குரூப்ல லீலா மலைன்னுதான் சொல்றோம். நீங்க போட்ட சுருள்லதான் கிடைச்சுது.”

பிறகு அவள் சொன்னதையெல்லாம் லீலா பாதி காதில்தான் வாங்கினாள். முன்னொரு காலத்தில் அந்தப் பனி இப்போதைவிட ரொம்பத் தூரம் கடலுக்குள் பரவியிருந்ததாம். இன்னொரு காலத்தில் இப்போதைவிடக் குறுகிக் கிடந்ததாம். எப்போது எவ்வளவு குறுகியது என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. தெரிந்தால் இனிமேல் என்ன ஆகும் என்று கொஞ்சமாவது சொல்லலாம். அதற்குப் பனிக்கு அடியில் இருக்கும் பாறையில் ஒரு துண்டு வேண்டும். அந்தப் பாறை கடைசியாக வெயிலைப் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று என்று கண்டுபிடிக்க வழி இருக்கிறது. ஆனால் இவர்களிடம் இருக்கும் துளைக் கருவி ஆழமாகப் போகாது. பனி மெல்லிசாக இருக்கிற இடம் வேண்டும். அதாவது, உள்ளே ஒளிந்திருக்கும் மலை உச்சி வேண்டும். அடுத்த வருஷக் கடைசியில், அங்கே கோடை வரும்போது, விமானம் ஆட்களையும் கருவியையும் நேராக அங்கேயே கொண்டுபோய் இறக்கப்போகிறது. அந்தக் கோடை முழுக்க லீலா மலைமேல் கூடாரம்.

“ஒரு சுருளை மட்டும் நம்பி இவ்வளவு தூரம் போவாங்களா? குறுக்கே போற இன்னொண்ணும் அதே இடத்துல மலைன்னு சொல்லுது. அதைப் பாத்துட்டுத்தான் எனக்கு விமானமே கொடுத்தாங்க,” என்றாள் வைஷாலி. அவள் முகம் அப்படி மலர்ந்திருந்தது.

நஞ்சுண்டசாமி அங்கேயே, கழுவிய தரையில் நின்றபடி, விஜயதசமியிலிருந்து லீலாதான் கோடு போடும் பிரிவுக்குப் பொறுப்பு என்று அறிவித்துவிட்டார். விஜயதசமி காலையில் வேலையைத் தொடங்கிவைக்கிற முதல் கோட்டை லீலாதான் போட வேண்டும், மேடம் அவசியம் வர வேண்டும் என்றார். வைஷாலி வருவதாகச் சொல்லிவிட்டு, வரைபடத்தை லீலாவுக்கே கொடுத்துவிட்டுப் போனாள்.

லீலா மேஜையில் வரைபடத்தை விரித்த மேனிக்கு விட்டுவிட்டு மறுபடி ஜன்னலுக்குப் போனாள். அவள் மேஜைக்கு நேர் எதிர் ஜன்னல் அது. மழைக்காலத்து அழுக்கு படிந்து, வெளியே இருப்பதெல்லாம் சாயலாகத்தான் தெரியும். சோப்புத் தண்ணீர் போட்டுத் தேய்த்து, செய்தித்தாளால் துடைத்தாள். கண்ணாடி பளிச்சென்று ஆயிற்று. தொழிற்சாலைக் கூரைகளுக்கும் ஊருக்கும் அப்பால், தூரத்தில், சாமுண்டி மலை நின்றது.

இடப்பக்கம் சோம்பலாக ஏறி, நடுவில் ஒரு சின்னத் தோள் விட்டு, உச்சிக்குப் போய், வலப்பக்கம் சட்டென்று சரிகிற மலை. லீலா திரும்பி மேஜையைப் பார்த்தாள். மறுபடி ஜன்னலைப் பார்த்தாள். வரைபடத்தின் ஓரத்தில் பக்கவாட்டுக் கோடு இடப்பக்கம் சோம்பலாக ஏறி, நடுவில் ஒரு சின்னத் தோள் விட்டு, உச்சிக்குப் போய், வலப்பக்கம் சட்டென்று சரிந்தது.

செய்தித்தாளைக் கசக்கிக் கையிலேயே வைத்துக்கொண்டு முரளிதரனிடம் போனாள். அவன் ஸ்கேல்களுக்குக் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தான்.

“முரளி, என் சுருளைக் குறுக்கே வெட்டிக்கிட்டுப் போச்சே, உன் சுருள். அந்த இடத்துல என்ன இருந்துச்சு?”

“ஒண்ணும் இல்ல. அதனாலதான் விட்டேன். நீதானே ஒட்டினே.” அவன் நிமிரவில்லை. அடுத்த ஸ்கேலுக்குப் பொட்டு வைத்துவிட்டுத்தான் மீதியைச் சொன்னான். “அப்பவே எனக்கு ஒரு டவுட்டு. மலை இருந்தா அங்க பனி மெல்லிசா இருக்கணும். மெல்லிசா இருந்தா தரை நல்லாவே தெரியணும் இல்லையா? தெரியாமப் போனா அங்க பள்ளம்தானே இருக்கும்? நான் சொன்னா யார் கேக்கறாங்க.”

லீலாவும் கேட்டிருக்க மாட்டாள். அது அவளுக்கே தெரிந்தது.

ஒருவேளை தன் சுருளில் மங்கலாகவாவது ஏதாவது இருந்திருக்கலாம் என்று ஒரு நப்பாசை. பார்த்துவிட்டால் தெரிந்துவிடும். ஆனால் பெட்டிகளைத் துடைத்து, சாமி படத்துக்கு முன்னால் அடுக்கி, நூல் சுற்றி, சாமந்திச் சரம் போட்டாகிவிட்டது. மையில் போட்ட தாள்களும் அதற்குள்தான் இருந்தன. பெட்டிகள் விஜயதசமி சாயங்காலம் வைஷாலியோடு ஊரைவிட்டுப் போகின்றன. அதோடு சரி.

மேட்டகள்ளியில் அவர்கள் இருந்தது வரிசை வீடுகளில் ஒன்று. அம்மா சித்தம்மா பூ கட்டி விற்கிறவள். தசரா நாட்களில் அவளுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. ஆனாலும் லீலா வருவதற்குள் தெருவுக்கே செய்தி போயிருந்தது. கூடத்தில் வேலை செய்கிற யாரோ பூ வாங்க வந்த இடத்தில் சொல்லிவிட்டார்கள். தமிழ்நாட்டு எல்லையோரத்துக் கௌதள்ளியிலிருந்து பிழைக்க வந்து, கட்டட வேலை செய்து, கல் சுமந்து மகளைப் படிக்கவைத்தவள். அவளுக்கு இருக்கிற சந்தோஷத்தை அடக்கிக்கொள் என்று யார் சொல்வது?

“எம்புள்ள பேருல ஒரு மலையே இருக்குதாமாங்க,” என்று அவள் எதிர்வீட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். “ஐஸுக்கு அடியில இருக்குதாமா. ஏரோப்ளேன்ல போய்த்தான் பாக்கோணுமாமா.”

லீலா சாப்பிட உட்கார்ந்தாள், எழுந்தாள், தண்ணீர் குடித்தாள், மறுபடி உட்கார்ந்தாள். கடைசியில், அந்த மலை அங்கே இல்லாமல் இருந்தால் என்ன ஆகும் என்று அம்மாவிடமே கேட்டாள். சித்தம்மா சாமந்தியை நாரில் முடிந்தபடியே சிரித்தாள். இல்லாமலா அத்தனை படித்தவர்கள் சொல்வார்கள், கண் பட்டுவிட்டது போலிருக்கிறது, சுற்றிப்போட வேண்டும் என்றாள். சொன்னபடியே உப்பும் மிளகாயும் எடுத்துச் சுற்றி அடுப்பில் போட்டாள். மிளகாய் நெடி வந்தது. அப்படியானால் கண் படவில்லை என்று லீலா நினைத்துக்கொண்டாள், சிரிப்பு மட்டும் வரவில்லை.

மறுநாள் ஆயுத பூஜை. லீலா எல்லாருக்கும் முன்னால் கூடத்துக்குப் போய்விட்டாள். நஞ்சுண்டசாமி பட்டு வேட்டியில், நெற்றி நிறைய விபூதியோடு, பூசணிக்காயில் குங்குமம் தடவிக்கொண்டிருந்தார். ஒரே ஒரு பெட்டியைத் திறந்து ஒரு சுருளை மட்டும் பார்த்துக்கொள்கிறேன், பேனாவைத் தொட மாட்டேன், கண்ணால் பார்த்துவிட்டு மூடிவிடுகிறேன் என்று கேட்டாள். அவர் அவளைப் பைத்தியமா என்பதுபோலப் பார்த்தார். பூஜைக்கு வைத்ததை நடுவில் எடுப்பது உண்டா? கண்ணால்தானே பார்க்கிறேன் என்கிறாயே, இந்த வேலையில் கண்ணைவிட வேறென்ன ஆயுதம் இருக்கிறது, அதற்கும் இன்றைக்கு ஓய்வுதான் என்று சொல்லிவிட்டார். எதற்காகப் பார்க்க வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளா என்று அவளுக்கே நிச்சயமில்லை.

பூசணிக்காய் உடைந்தது. பொரியும் கடலையும் கொடுத்தார்கள். லீலா மேஜைமேல் வைத்த பொரியைத் தின்னாமல் ஒவ்வொன்றாக நகர்த்திக்கொண்டிருந்தாள். ஜன்னலைப் பார்க்கக் கூடாது என்று முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். அப்படி உட்கார்ந்தும் மலை முதுகில் இருப்பது தெரிந்தது. நினைத்துப் பார்க்கப் பார்க்க ஆத்திரம் வந்தது. அவள் வேண்டுமென்றே போட்டதல்ல. பேனாவை வைத்துக்கொண்டு, அந்தப் பக்கம் எப்படிப் போய்ச் சேரலாம் என்று தலையை நிமிர்த்தி ஒரு கணம் யோசிப்பாள். தலையை நிமிர்த்தினால் எதிரில் அழுக்கு ஜன்னல். கை தானாகவே அங்கிருந்து திருடிக்கொண்டிருக்கிறது, இவ்வளவு நாளும், அவளைக் கேட்காமலே.

இன்னொரு யோசனையும் கூடவே வந்துகொண்டிருந்தது. சும்மா இருந்துவிட்டால் என்ன? பெட்டிகள் போய்விடும். பொறுப்பு வந்துவிடும். அங்கே துளை போட்டுப் பார்த்து மலை இல்லையென்றால், பனிக்கண்டத்தில் நடப்பதற்கு ஹெப்பாளில் இருக்கிறவளை யார் கேட்கப்போகிறார்கள்? இயந்திரம் சரியில்லை என்பார்கள், காற்று சரியில்லை என்பார்கள். ஆனால் வைஷாலியின் முகம் வந்து நின்றது. அந்த மலர்ந்த முகத்தோடு அவள் கூடாரம் போட்டு, துளை போட்டு, இருக்கிற குழாயெல்லாம் இறக்கி, பாறை வரும் வரும் என்று குளிரில் உட்கார்ந்திருப்பாள். வராது. கோடை முடிந்துவிடும். இன்னொரு விமானத்தை அவளுக்கு யார் கொடுப்பார்கள்? அன்று வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் லீலா இறங்குகிற இடத்தை விட்டுவிட்டு, அடுத்த நிறுத்தத்திலிருந்து நடந்து வந்தாள்.

விஜயதசமி காலையில் கூடம் பளபளவென்று இருந்தது. வைஷாலி பெரிய இனிப்புப் பெட்டியோடு வந்திருந்தாள். கற்பூரம் காட்டி, நூலை அறுத்து, நஞ்சுண்டசாமி குங்குமம் வைத்த பேனாவை எடுத்து லீலாவின் கையில் கொடுத்தார். ஏதாவது ஒரு தாளில் ஒரு கோடு, அவ்வளவுதான், நல்ல நேரம் போவதற்குள் என்றார்.

லீலா தன் சுருள் இருந்த பெட்டியைக் கேட்டாள். இன்றைக்குத் தடை ஒன்றும் இல்லை. தன் மலையிலேயே தொடங்க நினைக்கிறாள் என்று அவர் சந்தோஷமாகவே எடுத்துக் கொடுத்தார். அவள் சுருளை விளக்குமேஜையில் விரித்தாள். மேலே மையில் போட்ட தாளை வைத்து, ஓரங்களைப் பொருத்தினாள். விளக்கைப் போட்டாள். எல்லாரும் சுற்றி நின்றார்கள்.

மைக்கோடு அழகாக ஏறியது. அடியில் சுருளில் இருந்த மங்கல் கோடும் கூடவே ஏறியது. பிறகு மங்கல் கோடு நின்றுவிட்டது. மைக்கோடு மட்டும் தனியாகப் போயிற்று, தோள் விட்டு, உச்சி ஏறி, சரிந்து. அடியில் வெறும் சாம்பல். ஒரு புள்ளிகூட இல்லை. நப்பாசையும் போயிற்று.

லீலா பேனாவைக் கீழே வைத்தாள். இழுப்பறையைத் திறந்து பாதியாக உடைத்த சவர பிளேடை எடுத்தாள். பிளாஸ்டிக் தாளில் மையை அழிக்க அதுதான் வழி. சாய்த்துப் பிடித்துச் சுரண்டினால் மை பொடியாக வந்துவிடும். மலையின் இடது காலில் வைத்துச் சுரண்டத் தொடங்கினாள்.

“ஏனம்மா இது?” நஞ்சுண்டசாமி குறுக்கே கையை நீட்டினார். “வருஷத்துக்கு முதல் வேலை. பிளேடை எடுக்கிறாயே?”

“இது நான் போட்டது சார். கீழ ஒண்ணுமே இல்ல.” அவள் வைஷாலியைப் பார்க்காமல் பேசினாள். “மேடம், குறுக்கே போறதுலயும் நான்தான் போட்டேன். ரெண்டும் ஒத்துப்போகணும்னு அளந்து போட்டேன். மலை கிடையாது.”

வைஷாலி குனிந்து விளக்குமேஜையை வெகுநேரம் பார்த்தாள். கோபத்தில் அவள் குரல் தாழ்ந்துதான் வந்தது.

“தெரியாத இடத்துல விட்டுடுங்கன்னு முதல் நாளே சொன்னேனே.”

“சொன்னீங்க. மரியாதைக்குச் சொல்றீங்கன்னு நெனச்சுட்டோம்.”

அந்த விளக்கம் யாருடையது என்று லீலா சொல்லவில்லை. நஞ்சுண்டசாமி அவளுக்கு அதற்காக நன்றி சொன்னதாகவும் தெரியவில்லை.

“இந்த ஷேப் எங்கிருந்து வந்துச்சு? நீங்களா யோசிச்சதா?”

லீலா பிளேடைப் பிடித்த கையாலேயே ஜன்னலைக் காட்டினாள். வைஷாலி திரும்பினாள். வெயில் நன்றாக ஏறியிருந்தது; துடைத்த கண்ணாடியில் சாமுண்டி மலை கோயிலும் ரோடுமாகத் துலக்கமாகத் தெரிந்தது. அவள் அதைப் பார்த்தாள், பாதி அழிந்த மலையைப் பார்த்தாள், பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். முதலில் அழுகிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். சிரித்துக்கொண்டிருந்தாள், கண்ணிலிருந்து தண்ணீரும் வந்தது.

“இந்த விமானத்துக்கு நான் எத்தனை பேர் வாசல்ல நின்னேன் தெரியுமா?” என்றாள். “நம்ம ஊர் மலையில துளை போடவா தென்துருவத்துக்குப் போக இருந்தேன்?”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். இதுபோல இன்னும் எத்தனை இடத்தில் ஒட்டியிருக்கிறது என்று கேட்டாள். லீலா தெரியாது என்றாள். அதுதான் உண்மை. தெரியாமல் ஒட்டுவதில்தானே அவள் பெயரெடுத்திருந்தாள். எல்லாச் சுருளையும் மறுபடி விரித்துத் தாளோடு வைத்துப் பார்த்தால்தான் உண்டு. பெட்டிகள் அன்று சாயங்காலம் ஊரைவிட்டுப் போகவில்லை.

தசரா யானை ஊர்வலமான ஜம்பூ சவாரியைப் பார்க்க ஊரே அரண்மனைப் பக்கம் திரண்டிருந்தது. நஞ்சுண்டசாமி போகவில்லை. எல்லாரும் போன பிறகு லீலா இன்னும் சுரண்டிக்கொண்டிருப்பதைப் பார்த்துக்கொண்டு தன் அறையில் உட்கார்ந்திருந்தார். மறுநாள் அவர் சட்டைப் பை காலியாக இருந்தது. சிவப்புப் பென்சில் முரளிதரன் மேஜையில் கிடந்தது. ஒட்டு எங்கே இருக்கிறதோ அங்கே அவன் வட்டம் போட வேண்டும், லீலா அதைச் சுரண்ட வேண்டும். பிரிவுக்குப் பொறுப்பும் அவனுக்குத்தான். அவன் அதை ஒன்றும் கொண்டாடவில்லை, ஆனால் வட்டங்களைக் கொஞ்சம் பெரிதாகவே போட்டான்.

தீபாவளி தாண்டியும் அந்த வேலை நடந்தது. லீலாவுக்கு அது கசந்தது, கசக்கவில்லை என்று சொன்னால் பொய். அவளுடைய நல்ல இழுப்புகள் எல்லாம், கை நடுங்காத இழுப்புகள், கறுப்புப் பொடியாக வந்து மேஜையில் விழுந்தன. போகப்போக முரளிதரன் வட்டம் போடாத இடங்களையும் அவளே கண்டுபிடித்து அவனிடம் காட்டினாள். ஒட்டியவளுக்குத்தானே ஒட்டு தெரியும். கூடத்தில் ஒட்டுக்காரி என்று கூப்பிடுவது நின்றுபோயிற்று. வேறு பெயரும் யாரும் வைக்கவில்லை.

தென்துருவத்துக் கோடைக்கு முன்னால் புது வரைபடம் தபாலில் வந்தது. வைஷாலி கூடவே நான்கு வரி எழுதியிருந்தாள். துளை போடுகிற பயணம் தள்ளிப்போய்விட்டது. ஆனால் விமானத்தை மேலிடம் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை; இந்த வருஷம் அது புதுக் கருவியோடு அந்த இடத்துக்கு மேலே குறுக்கும் நெடுக்குமாகப் பறந்து, அடியில் என்னதான் இருக்கிறது என்று பார்க்கப்போகிறது. அவள் லீலாவை மன்னித்ததாக அதில் எங்கும் எழுதவில்லை.

சித்தம்மா பூக்கூடையை ஒதுக்கிவிட்டு, வரைபடத்தைத் தரையில் விரிக்கச் சொன்னாள். மலை போன கதையை லீலா அவளிடம் விஜயதசமி அன்றே சொல்லியிருந்தாள். அன்றைக்கு அவள் நம்பவில்லை, பிறகு தெருவுக்கு என்ன பதில் சொல்வது என்று இரண்டு நாள் வீட்டைவிட்டு வராமலும் இருந்தாள். இப்போது குனிந்து நீலத்திலும் பச்சையிலும் விரலை ஓட்டிக்கொண்டு வந்து, நடுவில் நிறமே இல்லாமல் வெள்ளையாக இருந்த இடத்தில் நிறுத்தினாள்.

“இங்கதானா கண்ணு இருந்துச்சு?”

“ஆமா.”

“இப்ப என்ன இருக்குது?”

“தெரியாதும்மா. யாருக்கும் தெரியாது. அதைப் பாக்கத்தான் ஏரோப்ளேன் போகுது.”

சித்தம்மா அந்த வெள்ளையை உள்ளங்கையால் ஒரு தடவை தடவிப் பார்த்தாள். பிறகு பூக்கூடையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். கொஞ்ச நேரத்தில் எதிர்வீட்டு வாசலிலிருந்து அவள் குரல் கேட்டது.

“எம்புள்ள அழிச்ச எடத்தப் பாக்கத்தான் ஏரோப்ளேனே போகுதாமாங்க.”

லீலா வரைபடத்தைச் சுருட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை அம்மா சொன்னதில் திருத்த வேண்டியது ஒன்றும் இல்லை.